மீன்கள் விலகிய இடம்

இதில் நான் சேர்த்தது ஒன்றுமில்லை. விட்டது உண்டு. அந்த மீன் காட்சியகத்தின் பெயரையும் அது இருக்கும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. மற்றதெல்லாம் கயோகோ சொன்னது சொன்னபடி. அவள் கதை கட்டுகிற பெண் இல்லை. எண்களோடு வேலை பார்க்கிறவள். இதை என்னிடம் சொல்லி முடிக்கும்வரை பேய் என்ற வார்த்தை அவள் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஜப்பானின் வடகோடியில் ஹொக்கைடோவில், கடலைப் பார்த்தாற்போல் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். அங்கே கயோகோவின் வேலை கணினிக்குள் மீன் வளர்ப்பது. சிரிக்காதீர்கள், அவளே அப்படித்தான் சொல்வாள்.

ஒற்றை மீனுக்கு அதிகம் தெரியாது. பக்கத்து மீன்மேல் இடிக்கக் கூடாது, அது போகிற பக்கம் போக வேண்டும், தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் இந்த அறிவு மட்டும் உள்ள இரண்டாயிரம் புள்ளிகளைக் கணினிக்குள் விட்டுப் பாருங்கள். மொத்தக் கூட்டமும் ஒரே உடம்பு மாதிரி வளையும், பிரியும், சேரும். பார்க்கிறவர்களுக்கு உயிர் இருப்பதாகவே தோன்றும். முன்பெல்லாம் அந்த விதிகளை ஆட்கள் உட்கார்ந்து எழுதினார்கள். கயோகோவின் குழு அதையும் எழுதவில்லை. மெய்யான மீன்களைப் படம் பிடித்துக் கணினிக்குக் காட்டினார்கள். மீன் எதைக் கண்டு திரும்புகிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்பதைக் கணினியே பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். யாரும் எதுவும் சொல்லித்தர மாட்டார்கள்.

படம் பிடித்தது பக்கத்து ஊர்க் காட்சியகத்தில். அங்கே மத்தி மீனுக்கென்று ஆள் உயரம்போல் மூன்று மடங்கு ஆழத்தில் ஒரு வட்டத் தொட்டி உண்டு. அனுமதி கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. கயோகோவின் கணவன் ரியோசுகே அங்கேதான் வேலை பார்த்தான். தினமும் காலை பதினொரு மணிக்கு ரப்பர் உடை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குவான். மீனுக்குத் தீனி போடுவான், உள்ளே இருந்து கண்ணாடியைத் தேய்ப்பான், வெளியே நிற்கும் பிள்ளைகளுக்குக் கை ஆட்டுவான். சில நாள் சாயங்காலமும் இறங்க வேண்டியிருக்கும். ஜூன் மாதம் காமிராக்களைப் பொருத்திக் கொடுத்ததும் அவன்தான். அக்டோபர்வரை அவை ஓடின.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் ரியோசுகே வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். குளிர் ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டு, வெந்நீர்த் தொட்டியில் உட்காரப் போனான். கயோகோ அடுப்படியில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். சூப் ஆறுகிறதே என்று போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். குளிர் தொடங்கும் மாதத்தில் வெந்நீர்த் தொட்டியில் இப்படிப் போகிறவர்கள் இந்த ஊரிலேயே வருஷத்துக்கு நாலைந்து பேர் உண்டு என்றார். கயோகோ தலையாட்டினாள். தினமும் தண்ணீருக்குள் போய் வந்தவன், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி போய்விட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போய், தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது என்றாள். துக்கத்துக்கு வந்தவர்கள் நீட்டிய கைக்குட்டைகளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாளாம்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து டிசம்பரில் வேலைக்குத் திரும்பினாள். அதற்குள் அவளோடு வேலை பார்த்த இவாபுச்சி படங்களைக் கணினிக்குக் காட்டி முடித்திருந்தார். ஐம்பது வயது, பெருத்த உடம்பு, வாயைத் திறந்தால் நக்கல். அவள் வந்த அன்று மட்டும் நக்கல் எதுவும் வரவில்லை. எழுந்து நின்று வணங்கிவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் வட்டத் தொட்டி. அதற்குள் இரண்டாயிரம் வெள்ளிக் கோடுகள் சுழன்றுகொண்டிருந்தன. தேனடையில் மொய்க்கும் தேனீக்கள் மாதிரி அடர்த்தி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தவள், நிறுத்தினாள்.

“ஓட்டை இருக்கு” என்றாள்.

“எங்க?”

காட்டினாள். கூட்டத்துக்கு நடுவே ஓர் இடத்தில் மீனே இல்லை. நெட்டுக்குத்தான ஒரு வெற்றிடம். மீன்கள் அதை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்து, தாண்டிப் போய், மறுபடி ஒன்றாயின. ஆற்றின் நடுவே ஒரு கம்பத்தை நட்டால் தண்ணீர் போகுமே, அப்படி. ஆனால் கம்பம் நகராது. இது மெதுவாக நகர்ந்தது.

பெரிய மீன் துரத்த வந்தால் மத்திக் கூட்டம் அதைச் சுற்றி இப்படித்தான் விலகும். ஆனால் இந்தக் கணினித் தொட்டிக்குள் பெரிய மீன் எதையும் அவர்கள் போடவில்லை. கயோகோ அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். எதுவும் இல்லை.

இவாபுச்சி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அது ரியோசுகேயா இருக்கும், கயோகோ. தினமும் உள்ள இறங்கினார்ல. மீனெல்லாம் அவரைக் கண்டு ஒதுங்கும். கம்ப்யூட்டர் அதையும் சேர்த்துப் பழகியிருக்கு.”

“ஓ” என்றாள் கயோகோ.

நியாயமாகத்தான் பட்டது. ஆள் போய்விட்டான். அவனுக்கு மீன்கள் விட்ட வழி மட்டும் மிச்சம் இருக்கிறது. அதை யோசித்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை அந்தத் திரைக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.

சோற்று உருண்டையைப் பிரித்துத் தின்றுகொண்டே பார்ப்பாள். வெற்றிடம் மீன்களை விலக்கிக்கொண்டு முன்பக்கக் கண்ணாடி அருகே வரும். வந்து நிற்கும். அவளும் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினாள். பெரிதாக ஒன்றும் இல்லை. குளிர் காயும் அடுப்புக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, வாசலில் பனி முழங்கால் அளவுக்குக் கிடக்கிறது, வாரி மாளவில்லை. புருஷனிடம் சொல்வதைத்தான் சொன்னாள்.

ஜனவரியில் ஒரு நாள் அதை அளந்து பார்த்தாள். ஒரு மத்தியின் நீளம் தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் வெற்றிடத்தின் உயரம் கிடைத்துவிடும். ரியோசுகே நல்ல உயரம். காலில் நீச்சல் துடுப்பும் மாட்டியிருப்பான். வெற்றிடம் அவன் தோளுக்குக்கூட வரவில்லை. கணினி அரைகுறையாகப் பழகியிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இன்னொன்று. ரியோசுகே தொட்டிக்குள் சும்மா இருக்க மாட்டான். கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே மேலே போவான், கீழே வருவான். வெற்றிடம் ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை. எப்போதும் தரையோடு தரையாக நகர்ந்தது. நடக்கிற மாதிரி.

அதையும் விட்டுவிட்டாள்.

அந்தத் தொட்டிப் படத்தைத் திரையில் பிடித்து இழுத்தால் சுழலும். எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு மதியம் கை தவறிப் படம் பாதிவட்டம் சுழன்றுவிட்டது. முன்னால் நின்றிருந்த வெற்றிடம் இப்போது தொட்டியின் பின்பக்கம், அவளுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது.

திருப்பி இழுக்கலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அது புறப்பட்டுவிட்டது. மீன்கள் விலகின. தொட்டியின் குறுக்கே நேராக வந்து, அவள் பக்கத்துக் கண்ணாடியில் நின்றது.

மறுபடி சுழற்றினாள்.

மறுபடி வந்தது.

கணினிக்குள் இருக்கிற மீனுக்கு, தன்னை யார் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிய வழியே கிடையாது. அந்தக் கணக்கை எழுதியவர்களில் கயோகோவும் ஒருத்தி. அவளைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. இவாபுச்சியை அழைத்து உட்கார வைத்துச் சுழற்றச் சொன்னாள். அவர் சுழற்றியபோது அது முன்னால் வரவில்லை. பின்சுவர் ஓரமாகவே நின்றது. “என் மூஞ்சி பிடிக்கல போல” என்றார். சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தத் திரைக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை.

என்னைத் தேடுகிறான் என்று கயோகோ நினைத்தாள். அப்போதும் அழுகை வரவில்லை.

பிப்ரவரி. ஒரு புதன்கிழமை. காலையிலிருந்தே பனிப்புயல். மதியத்தோடு ரயில்களை நிறுத்திவிட்டார்கள். கட்டடத்தில் அவளும் இவாபுச்சியும்தான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. விளக்குப் போடாமலே அறை பளீரென்று இருந்தது. மாத முடிவுக்குள் ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்ப வேண்டும். எந்தெந்தத் தேதிப் படங்களைக் கணினிக்குக் காட்டினோம் என்று அதில் எழுத வேண்டும். அதைத்தான் அவள் கேட்டாள்.

இவாபுச்சி திரும்பாமலே பதில் சொன்னார். எல்லாத் தேதியும்தான். ஆனால் ஆள் இறங்கியிருக்கிற நேரம் மட்டும் இல்லை.

“புரியல” என்றாள் கயோகோ.

“ஆள் உள்ள இருந்தா மீன் இயல்பா நீந்தாதுல்ல. அதனால அந்தத் துண்டையெல்லாம் முதல்லயே வெட்டி எடுத்து...”

நிறுத்திக்கொண்டார்.

அறையைச் சூடாக்கும் அடுப்புக்குள் எண்ணெய் இறங்கும் சத்தம் கேட்டது. க்ளுக். க்ளுக்.

“அப்போ கம்ப்யூட்டர் அவரைப் பார்க்கவே இல்லையா?”

“இல்ல.”

“அன்னைக்கு நீங்க சொன்னது?”

“ஏதோ கணக்குப் பிசகுன்னு நினைச்சேன். அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு... உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு சொன்னேன்.” நாற்காலியிலிருந்து இறங்கித் தலை தாழ்த்தினார். “தப்புதான்.”

அவள் கோபப்படவில்லை. வெட்டி எடுத்த துண்டுகள் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டாள். இருந்தன.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஜூன் மாதத் துண்டு. ரியோசுகே ஏணியில் இறங்குகிறான். மத்திகள் அவனைச் சுற்றி விலகுகின்றன. அவனுக்கு வெளியே ஒரு வெற்றிடம், அவன் அளவுக்கு. தேய்க்கிறான். கை ஆட்டுகிறான். புருஷன் அசைவதைப் பார்த்து நான்கு மாதம் ஆகிறது என்று நினைத்தாள். மேலே நினைப்பு ஓடவில்லை.

இவாபுச்சிதான் முதலில் பார்த்தார். விரலை நீட்டினார்.

தொட்டியின் பின்சுவர். அங்கேயும் மீன்கள் விலகியிருந்தன. ஆளே இல்லாத இடத்தில். சின்னதாக. தரையோடு தரையாக.

ஜூலை. அது சுவரை விட்டு வந்திருந்தது.

ஆகஸ்ட். தொட்டியின் நடுவில் இருந்தது. ரியோசுகே இடதுபக்கம் போனால் அதுவும் இடதுபக்கம் போயிற்று. அவன் நின்றால் நின்றது. அவன் மேலே போனால் மட்டும் கீழேயே காத்திருந்தது. இறங்கி வரும்வரை.

செப்டம்பர். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

அதில் ஓர் இடத்தில் ரியோசுகே தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். யாரோ தோளைத் தட்டினால் திரும்புகிற மாதிரி. கொஞ்ச நேரம் பார்க்கிறான். அவனுக்கு முன்னால் வெறும் தண்ணீர். பிறகு காமிராவைப் பார்த்து வழக்கம்போல் கை ஆட்டுகிறான்.

“போதும்” என்றார் இவாபுச்சி.

“கடைசித் துண்டு” என்றாள் கயோகோ.

அக்டோபர். அவன் இறந்த அன்றைய சாயங்காலம்.

அதில் வெற்றிடம் ஒன்றுதான் இருந்தது. அவனைச் சுற்றி மட்டும். ஆனால் அவனைவிட அகலமாக. முதுகுப் பக்கம் புடைத்து...

அவன் ஏணியைப் பிடிக்கிறான். ஒரு படி. நிற்கிறான். பாரம் தூக்குகிறவன் போல் மூச்சு வாங்குகிறான். குமிழிகள். இன்னொரு படி. தோள் தண்ணீருக்கு வெளியே போகிறது. இடுப்பு போகிறது. கடைசியாகக் கால் போகிறது.

அவன் வெளியேறிவிட்டான். இனி மீன்கள் மூடிக்கொள்ள வேண்டும்.

மூடிக்கொள்ளவில்லை.

அவன் முதுகிலிருந்து நழுவி இறங்கியது போல், ஏணியின் அடியில் வெற்றிடம் நின்றது.

பிறகு...

முதல் தடவையாக அது தானாக மேலே ஏறியது. ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

தண்ணீர் மட்டம்வரை மீன்கள் அதற்கு வழி விட்டன.

அதற்குப் பிறகுதான் மூடிக்கொண்டன.

கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுந்தது. தொம். இருவரும் அசையவில்லை. மணி இரண்டே முக்கால். பட்டப்பகல்.

கயோகோ காட்சியகத்துக்குத் தொலைபேசி செய்தாள். எடுத்தது ஹன்சாவா அம்மாள். மத்தித் தொட்டி கட்டிய நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவர். புயலால் இன்று ஒரு ஈ காக்கைகூட வரவில்லை, உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம் என்று சந்தோஷமாகப் பேசினார். அந்தத் தொட்டியில் மீன் போகாத இடம் என்று ஏதாவது உண்டா என்று கயோகோ கேட்டாள்.

“ஓ, குடித்தனக்காரரா?” என்றார் ஹன்சாவா. “ரியோசுகே அதை அப்படித்தான் கூப்பிடுவார். உங்ககிட்ட சொன்னதில்லையா?”

பின்சுவர் ஓரமாக ஓர் இடம், ஆரம்பத்திலிருந்தே மீன் போகாது என்றார். தண்ணீரைச் சோதித்தார்கள், விளக்கை மாற்றினார்கள், ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தொட்டியில் யாரும் செத்ததில்லை. கட்டும்போதும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தொந்தரவு எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். ரியோசுகே மட்டும் விளையாட்டாக, உள்ளே இறங்கும்போது குடித்தனக்காரருக்கு ஒரு வணக்கம் போடுவானாம்.

“இப்பவும் அந்தப் பக்கம் மீன் போறதில்லையா?” என்று கேட்டாள் கயோகோ.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் தொலைபேசியில் கேட்டது.

“இல்லம்மா. இப்போ நல்லா சுத்துது. தொட்டி முழுக்கப் போகுது. அவர் கடைசியா ஏறிப் போனார்ல, அதுக்கு மறுநாள் காலையிலருந்தே. மீனுக்குக்கூட துக்கம் தெரியுதேன்னு நாங்க பேசிக்கிட்டோம்.”

கயோகோ நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

இவாபுச்சி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்தார். சுவரோரம் போய், மின்கம்பியைப் பிடுங்கினார். கணினியின் காற்றாடி இரைச்சல் தேய்ந்து நின்றது. அணையும்வரை திரையில் அந்த வெற்றிடம் முன்பக்கக் கண்ணாடியில்தான் நின்றிருந்தது. கயோகோவின் முகத்துக்கு நேராக.

அன்று இவாபுச்சி கயோகோவை அவள் வீட்டுக்குப் போக விடவில்லை. பனியில் வண்டியை ஊர்ந்து ஓட்டித் தன் வீட்டுக்கே அழைத்துப்போனார். அவர் மனைவி ஒன்றும் கேட்காமல் படுக்கை போட்டார். புயல் ஓய்ந்த பிறகு கணவனும் மனைவியுமாகக் கயோகோவின் வீட்டுக்குப் போய், அவள் துணிமணியையும் ரியோசுகேயின் படத்தையும் எடுத்து வந்தார்கள். உள்ளே கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இவாபுச்சியின் மனைவி மட்டும் அன்று சாயங்காலம் முழுக்கக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தாராம்.

கயோகோ கடல் தாண்டி மொரியோகா ஊரில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டாள். மத்தித் தொட்டியை மறுபடி படம் பிடித்துக் கணினியைப் புதிதாகப் பழக்கினார்கள். அதில் ஓட்டை எதுவும் வரவில்லை. கட்டுரையும் வெளிவந்தது. பழைய கணினித் தொட்டியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

போன வருஷம் மொரியோகாவில் ஒரு நூடுல்ஸ் கடையில் வைத்துத்தான் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். கிண்ணம் ஆறிவிட்டது. இருவரும் தொடவில்லை. அந்த வீட்டில் தனியாக இருந்தீர்களே, ஒரு நாளாவது பயம் வரவில்லையா என்று கேட்டேன்.

கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை.

“பயமா? இல்ல. அந்த நாலு மாசமும் ராத்திரி கதவைத் திறந்து உள்ள நுழைஞ்சா, வீட்டுல யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.”